பிள்ளையாருக்குப் பட்டா உண்டா?

“நம்ம கோயில் லீகலாம்மா?”

இன்று மதியம் ரசம் ஊற்றிக்கொள்ளும்போது கேட்டாய். உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டாய். எனக்கு விடை தெரியவில்லை. அப்பளத்தை உன் தட்டில் வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவள், எது முறை எது முறையில்லை என்று வகுப்பில் ஓயாமல் பேசுகிறவள், சொந்த மகன் ஒரு வரி கேட்டதும் துணி காயப்போடப் போய்விட்டாள். இப்போது நீயும் கவிதாவும் அவள் அம்மாவைப் பார்க்கப் பம்மலுக்குப் போயிருக்கிறீர்கள். வீட்டில் யாரும் இல்லை. உன்னிடம் நேரில் நீளமாகப் பேச எனக்கு என்றுமே வந்ததில்லை. எழுதினால் கொஞ்சம் வரும். இந்தப் பத்தியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் கேட்டைச் சாத்தினேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். பட்டப்பகலில் யார் வரப்போகிறார்கள்? இருந்தும் உட்கார முடியவில்லை.

நாளை காலை நாம் பதிவு அலுவலகத்துக்குப் போகவேண்டும். உனக்கு லீவு முடியப்போகிறது. நீ துபாய்க்குத் திரும்பிப் போனபிறகு கவிதா வந்து சேர விசா வேண்டும், விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு, திருமணம் எந்தக் கோயிலில் நடந்ததோ அந்தக் கோயிலிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். உங்கள் கல்யாணம் நம் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் நடந்தது. அந்தக் கோயிலை நடத்துவது நம் குடியிருப்போர் சங்கம். சங்கத்தின் செயலாளர் நான். ஆகவே கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவள் நான்தான். இதுவரை உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு: அந்த இடத்தில் கோயில் என்று எதுவுமே கிடையாது என்று இதே செயலாளர், இதே கையால், கோர்ட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறாள். நீ அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சை நேரம் என்று சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நாம் இந்த வீட்டுக்கு வந்தபோது தெருவில் வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். மழை பெய்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவோம். மனை விற்றவர் கொடுத்த வரைபடத்தில் தெருக்கோடியில் ஒரு துண்டு நிலத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து ‘பூங்கா’ என்று எழுதியிருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் உன் அப்பா மயங்கினார். “பையன் விளையாட இடம் இருக்கு” என்றார். வந்து பார்த்தால் அதில் வைக்கோல் போரும் இரண்டு எருமையும் இருந்தன. அவை கன்னியப்பனுடையவை. இந்த மனைகள் எல்லாம் ஒருகாலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். வயலை விற்றோம், களத்து மேட்டை விற்கவில்லை, மனை போட்டவன் காசு கொடுக்காமல் அதற்கும் சேர்த்துப் பச்சை அடித்துவிட்டான் என்பது அவர் கட்சி. வரைபடத்தில் இருக்கிறது, பஞ்சாயத்து முத்திரை இருக்கிறது என்பது எங்கள் கட்சி. மனை போட்டவர் யார் கட்சியும் இல்லை. அவர் வேறு ஊரில் வேறு மனை போடப் போய்விட்டார்.

நீங்கள் பிள்ளைகள் எல்லாம் எருமைகளுக்கு நடுவிலேயே கிரிக்கெட் ஆடப் பழகினீர்கள். பந்து வைக்கோல் போரில் விழுந்தால் கன்னியப்பன் எடுத்து மடியில் கட்டிக்கொள்வார். “இன்னாடா சிக்ஸர், எங்க வூட்டு நெலத்துல வுய்ந்தது எங்க வூட்டுதுதானே? சட்டம் பேசு, குடுக்கறேன்” என்பார். நீ நின்றுகொண்டு சட்டம் பேசுவாய். “அண்ணா, பந்து மேலேர்ந்து வந்துச்சு, ஆகாசம் உங்களுது இல்ல” என்று நீ ஒருநாள் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு நம் சமையலறை வரை கேட்டது. பந்தையும் கொடுத்தார். அன்று முதல் நீ அவருக்குச் சிக்ஸர்தான்.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு நாள் அந்த இடத்தில் ஒரு லோடு செங்கல் வந்து இறங்கியது. கருங்கல்லும் வந்தது. கன்னியப்பன் தம்பிக்கு வீடு கட்டப்போகிறார் என்றார்கள். தெருவே பதறியது. போலீஸ் ஸ்டேஷனில், “இது சிவில் மேட்டர் சார், நாங்க கை வைக்கக்கூடாது” என்றார்கள். பஞ்சாயத்தில், “எங்க பக்கம் ஆட்சேபணை இல்ல, எழுத்துல மட்டும் கேக்காதீங்க” என்றார்கள். எதற்கு ஆட்சேபணை இல்லை, எங்களுக்கா அவருக்கா என்று நான் கேட்டேன். “ரெண்டு பேருக்கும்தாம்மா” என்று பதில் வந்தது. அன்று ஒன்று கவனித்தேன். இது செய்யலாமா கூடாதா என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. பிரச்சினை வருமா வராதா என்றுதான் கேட்கிறார்கள். ‘பரவாயில்லை’, ‘பார்த்துக்கலாம்’, ‘ஒண்ணும் ஆவாது’, ‘கண்டுக்க மாட்டாங்க’ என்று எத்தனை சொற்கள்! எல்லாமே அனுமதி போலக் காதில் விழுகின்றன. எதிலும் யாரும் அனுமதி தரவில்லை.

சங்கக் கூட்டம் நம் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. தலைவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நீ அவரை விசில் தாத்தா என்பாய். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். காபி தம்ளர்களை எடுக்க வந்த நான் அலுப்பில், “பேசாமல் ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வையுங்கள். மனிதனைக் காலி பண்ணலாம், அவரை யார் காலி பண்ணப் போகிறார்கள்?” என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். சாமி கும்பிடாதவள் வாயில் வந்த கேலி. தலைவர் எழுந்து நின்று, “மேடம், இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?” என்றார்.

பிறகு நடந்தது எல்லாம் என் கையில் இல்லை. சிலை செய்யச் சொன்னால் நாளாகும் என்றார்கள். தலைவர்தான், “வாங்கின பிள்ளையாரைவிடத் திருடின பிள்ளையாருக்குத்தான் சக்தி ஜாஸ்தி, தெரியுமில்ல?” என்றார். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் யாராவது நிஜமாகவே செய்வார்கள் என்று நினைத்ததில்லை. முடிச்சூர்ப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு வேப்பமரத்தடியில் பூசை இல்லாமல் ஒரு பிள்ளையார் இருப்பதாகத் தலைவருக்குத் தகவல். ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயிலில், தலைவர் ஸ்கூட்டரை ஓட்ட, உன் அப்பா பின்னால் உட்கார்ந்து மடியில் பிள்ளையாரை வைத்துத் துண்டால் போர்த்திக்கொண்டு வந்து இறங்கினார். “இது யாருடையது?” என்று கேட்டேன். “பிள்ளையாருக்கு ஓனர் ஏது மேடம்?” என்றார் தலைவர். உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை. கால் மரத்துப்போயிற்று என்று நொண்டிக்கொண்டே உள்ளே போனார். மதியத்துக்குள் கன்னியப்பன் இறக்கிய செங்கல்லிலேயே ஒரு மேடை எழுந்துவிட்டது. அதையும் யாரும் கேட்டுவிட்டு எடுக்கவில்லை.

மாலையில் கன்னியப்பன் வந்தார். சண்டை வரும் என்று தெருவே வாசலில் நின்றது. அவர் செருப்பைக் கழற்றினார், தோள்துண்டை இடுப்பில் கட்டினார், பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டார். எழுந்து, கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்து, “டீச்சரம்மா, படிச்சவங்க நீங்கதான் சொல்லணும். எனக்குப் பட்டா இல்லன்னு சொல்றீங்க, சரி. புள்ளையாருக்குப் பட்டா கீதா?” என்றார். தலைவர், “சாமிகிட்ட போய்ப் பட்டா கேக்கறியே, நாக்கு அழுகிடும்யா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். “அவர் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலையேம்மா” என்றாய் வீட்டுக்குள் வந்ததும். போய்ப் பாடத்தைப் படி என்றேன்.

அதே வயதில்தான் இன்னொன்றும் நடந்தது, உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. நான் வேலைக்குப் போவதும் உன் பள்ளிக்கூடமும் கிழக்குத் தாம்பரத்தில். தினமும் மேம்பாலம் ஏறினால் நேரமாகும் என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போவேன். தமிழ் சரளமாகப் படிக்க வந்துவிட்ட ஆர்வத்தில் பார்க்கிற பலகையையெல்லாம் நீ சத்தமாகப் படிப்பாய். ஒருநாள் தண்டவாளத்தின் நடுவில் நின்று, “இருப்புப்பாதையைக் கடப்பது தண்டனைக்குரிய குற்றம்” என்று முழுசாகப் படித்துவிட்டு, “அம்மா, நாம குற்றவாளியா?” என்று கேட்டாய். தூரத்தில் மின்சார ரயில் சத்தம். “எல்லாரும்தான் தாண்டறாங்க, வா” என்று இழுத்துக்கொண்டு போனேன். ஆறேழு வருஷம் கழித்துப் பல்லாவரத்தில் நீ டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டாய். அப்பா போய் அழைத்துவந்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, “எல்லாரும்தான் வர்றாங்க” என்றாய். உன்னை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். நீ சொன்ன பதில் யாருடையது என்று எனக்குத் தெரிந்ததால்தான் கையை அவ்வளவு வேகமாக ஓங்கினேனோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

பிள்ளையார் வளர்ந்தார். மேடைக்கு மேல் ஓலை, ஓலைக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ், பிறகு கான்கிரீட். மின் இணைப்புக்குப் போனபோது, “கோயில்னா நூறு கேள்வி கேப்பாங்க, பூங்கா விளக்குன்னு எழுதுங்க” என்று யாரோ யோசனை சொன்னார்கள், எழுதினேன். சேலையூரிலிருந்து சைக்கிளில் ஒரு குருக்கள் வர ஆரம்பித்தார். மணி வந்தது, உண்டியல் வந்தது, மார்கழியில் ஒலிபெருக்கி வந்தது. நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஆனால் மனு எழுதுவது, நன்றி எழுதுவது, கணக்குக்குக் குறிப்பு எழுதுவது எல்லாம் நான்தான். சாமி இல்லை என்கிறவள் சாமிக்கு எழுத்தர் ஆனேன். பூங்கா மட்டும் வரவே இல்லை. கோயிலைச் சுற்றிப் பத்தடி இடம் விட்டு மீதியில் நீங்கள் ஆடினீர்கள். இப்போது வேறு பிள்ளைகள் ஆடுகிறார்கள். கன்னியப்பன் எருமைகளை விற்றுவிட்டு மனை வாங்கி விற்கிற தொழிலுக்கு வந்துவிட்டார்.

உன் அப்பா போன மறு வருஷம் கன்னியப்பன் வழக்குப் போட்டார். தன் களத்தில் சங்கத்தார் அனுமதியில்லாமல் கோயில் கட்டியிருக்கிறார்கள் என்று மனு. நம் வக்கீல் அதைப் படித்துவிட்டு மகிழ்ந்தேபோனார். “கோயில்னு ஒத்துக்கிட்டாத்தானேம்மா அனுமதி எங்கன்னு கேப்பான்? கோயிலே இல்லன்னுடுவோம். பூங்கா இருக்கு, பூங்காவுல ஒரு சிலை இருக்கு, அவ்வளவுதான். சிலைக்கு யார்கிட்ட அனுமதி வாங்கணும்?” என்றார். தினமும் மணி அடிக்கிறதே என்றேன். “மணி அடிச்சா கோயிலா? ஸ்கூல்லயும்தான் மணி அடிக்குது.” இது பொய் இல்லையா என்றேன். “பொய் வேற, கோர்ட்டுல எழுதிக்குடுக்கற ப்ளீடிங்ஸ் வேறம்மா” என்றார். செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உன் அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எதிலும் வாதாடத் தெம்பு இல்லாத வருஷம் அது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தெம்பு இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியாது. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா.

உன் கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் சொன்னேன். கவிதாவின் அம்மாவுக்குச் சாமி முன்னால் தாலி ஏறவேண்டும். மண்டபம் பிடிக்கிற ஆசை இரண்டு வீட்டுக்கும் இல்லை. “நம்ம பிள்ளையார் இருக்காரேம்மா, அப்பா தூக்கிட்டு வந்தவர்” என்று நீ சொன்னதும் சரி என்றுவிட்டேன். பத்திரிகையிலேயே ‘விநாயகர் திருக்கோயிலில்’ என்று அச்சடித்தாயிற்று. அன்று முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தது கன்னியப்பன். யாரும் அவரை அழைக்கவில்லை. “என் நெலத்துல கல்யாணம், நான் வராம இருப்பனா? பாயசம் போடு” என்று அவர் சொன்னதைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் தூணோரம் நின்றேன். வழக்கில் வாதியும் பிரதிவாதியும் ஒரே கூரையின்கீழ். கோர்ட்டைக் கேட்டால் அப்படி ஒரு கூரையே கிடையாது.

இப்போது என் எதிரே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நீ கண்டுபிடித்தது. பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு கோயிலில் உன் நண்பனுக்குத் தெரிந்தவர் இருக்கிறார். அங்கே திருமணம் நடந்ததாக ரசீது வாங்கிவிட்டாய். சாப்பாட்டு மேசையில் எடுத்துக் காட்டினாய். கோயில் பெயர், முத்திரை, எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. “உனக்கும் பிரச்சினை இல்ல, கேஸுக்கும் பிரச்சினை இல்ல. எல்லாரும் வாங்கறாங்கம்மா” என்றாய். என் தண்டவாளத்துப் பதில் இரண்டாம் முறையாக என்னிடமே திரும்பி வந்தது. இன்னொரு வழி, நம் கோயிலில் நடந்தது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடுவது. உண்மை. ஆனால் அந்தத் தாள் கன்னியப்பன் கையில் கிடைத்தால் வழக்கு அவர் பக்கம் சாயும் என்று வக்கீல் போனில் கத்தினார். இடம் போனால் கோயில் போகும், பிள்ளைகள் ஆடுகிற மண்ணும் போகும். தெருவில் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாது. எத்தனையோ பேர் என் எழுத்தை நம்பித்தான் சங்கக் கூட்டத்துக்கே வராமல் இருக்கிறார்கள்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் கோயில் சட்டப்படியானதா? திருடிவந்த சிலை, கேட்காமல் எடுத்த செங்கல், பூங்கா என்று சொல்லி வாங்கிய மின்சாரம், யாருடையது என்று தீராத மண். இதில் சட்டம் எங்கே என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அங்கே நின்று நீ தாலி கட்டினாய். அதை நான் பார்த்தேன். தவறான இடத்தில் நடந்தது என்பதற்காக அது நடக்காமல் போய்விடுமா? நடந்தது என்பதற்காக இடம் சரியாகிவிடுமா? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மதியத்திலிருந்து நடந்துகொண்டிருக்கிறேன். உனக்குப் புத்திமதி சொல்கிற வயது எனக்கு வந்துவிட்டது, சொல்லத்தான் ஒன்றும் கையில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: நீ இனியும் வேறு நாட்டில்தான் இருக்கப்போகிறாய், அங்கே எது கூடும், எது கூடாது என்று உனக்கு யாரும் தமிழில் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்று மட்டும் ஒரு காரியத்தைச் செய்துவிடாதே. அந்த ‘எல்லாரும்’ மாட்டிக்கொள்ளும் நேரத்தில் உன் பக்கத்தில் நிற்க மாட்டார்கள்.

நீ கை கழுவப் போனபிறகு கவிதா அடுப்படிக்கு வந்தாள். பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், “அத்தை, நாளைக்கு எனக்கு ஒரு பொண்ணு பொறந்து, அம்மா, உனக்கு எங்க கல்யாணம் ஆச்சுன்னு கேட்டா, நான் எந்தக் கோயிலைச் சொல்லணும்?” என்று கேட்டாள். அவள் கேட்டதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு இரண்டாவது. அவள் குழாயைத் திறந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். கோபமா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. பெண் கொஞ்சம் என்னைப் போல் இருக்கிறாள். உனக்குக் கஷ்டம்தான்.

வெளியே மணி அடிக்கிறது. குருக்கள் வந்துவிட்டார். நீங்கள் வருகிற நேரம். நாளை எந்தத் தாளை நீட்டப்போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் எழுதுகிறேன். நீ கூடவே இருந்தாய், என்றாலும் நீ பார்க்காததும் உண்டு. பார்த்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்பதும் இருக்கிறது.

காலையில் நீங்கள் எழுவதற்கு முன்பே சங்கத்தின் தாளில் எழுதிவிட்டேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் எங்கள் தெரு விநாயகர் கோயிலில் திருமணம் நடந்தது, நான் உடனிருந்தேன். அவ்வளவுதான். முத்திரை தலைவர் வீட்டில் இருக்கிறது. வாங்கப் போனேன். “மேடம், கோயில் இல்லன்னு கோர்ட்ல எழுதினது யாரு?” என்றார். நான்தான், அங்கேயும் போய் மாற்றி எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். “உங்க புருஷன் மடியில தூக்கிட்டு வந்த சாமி. உங்க கையாலயே இடிக்கறீங்க” என்றார். முத்திரை தரவில்லை. சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், அதற்கும் வரமாட்டேன் என்று கதவைச் சாத்தினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அலுவலகத்தில் என் கடிதத்தை உன்னிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாய். சட்டைப் பையில் ரசீது இருந்தது எனக்குத் தெரியும். உன் கை அங்கே போனதையும் பார்த்தேன். கவிதா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கீழே இறங்கியது. ஜன்னலில் இருந்தவர் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “முத்திரை இல்லாட்டி சரி, பத்திரிகை இருக்குல்ல? ஆனா கல்யாணத்தைப் பாத்த சாட்சி ரெண்டு பேர் வேணும். அம்மா ஒருத்தர். இன்னொருத்தர் எங்க?” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். கவிதாவின் மாமா பம்மலிலிருந்து வந்துசேர மதியமாகும். அதற்குள் அன்றைய பதிவு முடிந்துவிடும் என்றார்கள்.

வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர்கள் நடுவில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். ஏதோ மனை விற்பனைக்கு வந்திருந்தார். பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன். நீ போய்விட்டாய். “அண்ணா, ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்” என்று நீ சொன்னது இங்கே வரை கேட்டது.

“இன்னா சாட்சி சிக்ஸர்? எதுனா வில்லங்கமா?”

“எங்க கல்யாணத்துக்குண்ணா. நீங்க பார்த்தீங்கள்ல?”

“முத எலையில குந்திகினு பாயசம் துன்னனே, பாக்காம இன்னா?”

எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “மொதல்ல டீச்சரம்மா எழுதனதக் குடு” என்று என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தார். “கோயிலுன்னு எழுதிக்கீறீங்க” என்றார். ஆமாம் என்றேன். “கோர்ட்டுல இல்லன்னீங்களே.” ஆமாம், அது சரியில்லை, அங்கேயும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருகணம் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“கல்யாணம் நடந்தது நெசம். நான் பாத்தேன். மத்தது வேற கதை” என்று ஜன்னல் பக்கம் போய் நிதானமாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். கவிதா குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். “அட எய்ந்திரு புள்ள, புள்ளையாரு இருக்கசொல்ல என் கால்ல இன்னா கீது?” என்றார்.

நீ படிவத்தோடு உள்ளே போனபிறகும் என் கடிதம் அவர் கையிலேயே இருந்தது. திருப்பித் தருவாரோ மாட்டாரோ என்று நான் நின்றேன். அவர் அதைக் காற்றில் பறக்காமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “டீச்சரம்மா, இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?” என்று கேட்டார்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார். தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி திரும்பி வந்தார். “உள்ள குடுத்துடுங்க” என்று அசலை என்னிடம் கொடுத்தார். நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“கோர்ட்டுல பாப்போம்” என்றார்.

“பார்க்கலாம்” என்றேன்.